மூன்று வயதுக்காரிக்கு மூன்று நான்கு பிள்ளைகள் போதும்

அன்புத் தங்கச்சிக்கு,

வெளிநாட்டுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, அடுத்த மாதம் மகளுக்கு மூன்று வயது, பகல்நேரக் காப்பகத்தில் கூட இருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் ஹால் எடுத்துக் கொண்டாடுகிறார்கள், எங்கள் கையில் அவ்வளவு இல்லை, ஒன்றும் செய்யாமல் விட்டால் பிள்ளை ஏங்கிப்போவாளா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் செய்யுங்கள். வீட்டிலேயே செய்யுங்கள். கடன் வாங்கி மட்டும் செய்யாதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாங்கள் வந்த புதிதில் மூத்தவனின் இரண்டாவது பிறந்தநாளுக்கு ஹால் எடுத்தோம். நாற்பது பேர். பெரும்பாலும் என் கணவரோடு வேலை பார்த்தவர்கள். அவர்களில் பலர் என் மகனை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தார்கள். விளக்கை அணைத்து எல்லாரும் ஒன்றாகப் பாடத் தொடங்கியதும் வீறிட்டு அழுதான். கேக் வெட்டும்போது என் தோளில் முகத்தைப் புதைத்திருந்தான், அப்படியே தூங்கிப்போனான். அந்த கிரெடிட் கார்டு கடன் அடைய ஐந்து மாதம் ஆனது. கடனைவிட, அவன் பயந்து அழுத அந்த முகம்தான் இன்னும் என் மனதில் நிற்கிறது.

இந்த வயதுப் பிள்ளைகள் கூட்டத்தைத் தேடுவதில்லை. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932-லேயே இதை எழுதியிருக்கிறார்: சின்னஞ்சிறு பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் பாட்டுக்கு விளையாடுவார்கள், ஒன்றுசேர்ந்து விளையாடுவது வயது ஏற ஏறத்தான் வரும். உங்கள் மகளை ஒருநாள் கவனித்துப் பாருங்கள், தெரியும். அதனால் விளையாட்டு நடத்த ஆள் பிடிக்க வேண்டாம், போட்டி வைத்து யாரையும் தோற்கடிக்கவும் வேண்டாம். பெரிய அட்டைப்பெட்டிகள் இரண்டு மூன்று, ஆளுக்கொரு பிடி க்ரேயான், சோப்புக் குமிழி ஊதும் குப்பி. எதை வைத்தாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வையுங்கள். ஒருத்தியிடம் சிவப்பும் இன்னொருத்தியிடம் நீலமும் இருந்தால் அங்கே சண்டை வரும்.

யாரைக் கூப்பிடுவது என்பதற்கு மகளையே கேளுங்கள். அவள் வாயில் தினமும் வருகிற இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும், அவர்கள் போதும். வகுப்பு முழுவதையும் அழைக்கும் கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் காப்பக வாசலில் எல்லார் எதிரிலும் அழைப்பைக் கொடுக்காமல், அந்தப் பெற்றோருக்கு மட்டும் தனியாகச் செய்தி அனுப்புங்கள். தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் எழுதுங்கள். பெற்றோரும் கூடவே இருக்கலாம், அண்ணன் தங்கையையும் அழைத்து வரலாம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர்களும் தயங்குவார்கள், நீங்களும் கடைசி நிமிடத்தில் திணறுவீர்கள். எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதை அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

செலவு உண்மையில் குறைவது நேரத்தில்தான். காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடித்தால் முழுச் சாப்பாடு போட வேண்டியதில்லை. கேக்கும் பழமும் கொறிக்க ஏதாவது ஒன்றும் போதும். பிள்ளைகளும் மதியத் தூக்கத்துக்கு முன்னால் தெளிவாக இருப்பார்கள். திராட்சை வைத்தால் நீளவாக்கில் நான்காக வெட்டி வையுங்கள். முழுக் கொட்டைகளும் பாப்கார்னும் நான்கு வயதுக்குக் கீழே வேண்டாம், தொண்டையில் அடைக்கும். பலூன் வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்கிவிட வேண்டும், அதை வாயில் போட்டு மூச்சடைத்த பிள்ளைகள் உண்டு. கேக் தின்று பிள்ளைகள் துள்ளுவார்களோ என்று பயப்படாதீர்கள். 1995-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு, சர்க்கரையால் பிள்ளைகளின் நடத்தை மாறுவதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. கூட்டமும் சத்தமும்தான் அவர்களை நிலைகொள்ளாமல் ஆக்குகின்றன.

திரும்பக் கொடுக்கும் பரிசுப் பைகள் வேண்டாமென்றே சொல்வேன். கொடுத்தே ஆகவேண்டும் என்று தோன்றினால் அதே குமிழிக் குப்பியைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். மின்னும் மலிவு பொம்மைகளை வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியைப் பிள்ளை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

பிறந்தநாள் பாட்டை ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் மெதுவாகப் பாடிப் பழக்குங்கள். அன்றைக்கும் விளக்கை அணைக்காமல் பாடுங்கள்.

தாத்தா பாட்டி வீடியோ காலில் பார்க்க ஆசைப்படுவார்கள். அவர்களுக்கு அது பெரிய ஏக்கம், தள்ளிவிடக் கூடாது. ஆனால் விருந்து நடுவில் வேண்டாம். போனைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பிள்ளையின் பின்னால் ஓட, அவர்களுக்கு முதுகும் கூரையும்தான் தெரியும். அவர்கள் விழித்திருக்கும் நேரம் பார்த்து, அன்றோ முந்தின நாளோ, அவர்களுக்கென்றே அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சின்னதாக இன்னொரு கேக் இருந்தால் அவர்கள் கண்முன்னால் ஒருமுறை வெட்டட்டும். மூன்று வயதில் இரண்டு முறை வெட்டச் சந்தோஷப்படாத பிள்ளை இல்லை.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. வருகிற பெற்றோருக்கு உட்கார இடமும் சூடாகக் குடிக்க ஏதாவதும் வையுங்கள். மொழி தடுமாறுகிறதே என்று சமையலறைக்குள் ஒதுங்கிவிடாதீர்கள், நான் அப்படித்தான் ஒதுங்கினேன். மூத்தவனின் நான்காவது பிறந்தநாளை வீட்டில் வைத்தோம், நான்கே பிள்ளைகள். ஒரு பிள்ளையின் அம்மா பாத்திரம் கழுவ என் பக்கத்தில் வந்து நின்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை வார்த்தைகளில், மகன் எதற்கெல்லாம் அழுவான், எப்படித் தூங்குவான் என்று பேசிக்கொண்டோம். அதுவரை பள்ளிப் படிவத்தில் ‘அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள வேண்டியவர்’ என்ற இடத்தில் எங்கள் இருவரைத் தவிர எழுத எங்களுக்கு ஒரு பெயர் இல்லை. அடுத்த மாதம் அவரைக் கேட்டு அவர் பெயரை எழுதினேன். இரண்டாவது பிரசவத்துக்கு நான் மருத்துவமனையில் இருந்த மூன்று இரவும் என் மகன் அவர் வீட்டில்தான் தூங்கினான்.

மகளின் பட்டியலில் முதல் பெயர் யாருடையது? அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு இந்த வாரமே செய்தி அனுப்புங்கள். வார்த்தை சரியாக வரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து எழுதலாம்.

அன்புடன்,
அக்கா