பழைய காரும் பெற்றோல் வரும் வழியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தகப்பனாரின் மொறிஸ் மைனர் 1000 கார் எங்கள் வீட்டுக் கொட்டிலில் பல வருடங்களாக நின்றது. பொருளாதாரத் தடைக் காலத்தில் அதை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இப்போது புதிய பற்றறி போட்டு, வர்ணம் பூசி, பெற்றோலில் ஓட்டுகிறேன். வீட்டிலிருந்து புறப்படும்போது எந்தக் குறையும் இல்லை. புதுக்குடியிருப்புப் பக்கம் நான்கைந்து கிலோமீற்றர் போனதும் இழுவை குறைந்து, திக்கித் திக்கி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் பொறுத்தால் மறுபடியும் ஓடுகிறது. மெக்கானிக் காபரேற்றரைப் பல தடவை கழற்றிக் கழுவினார். கழுவியதும் இரண்டொரு நாள் நன்றாக ஓடுகிறது, பின்னர் பழையபடிதான். இனிப் புதுக் காபரேற்றர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா ஐயா?
விசுவமடு வாசகர்

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளைப் பார்த்தால், பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றரில் குறை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதற்கு வந்து சேர வேண்டிய பெற்றோல் போதிய அளவு வந்து சேரவில்லை. காபரேற்றரில் பெற்றோல் தேங்கி நிற்கும் மிதவைக் கிண்ணம் நிரம்பியிருக்கும் வரை கார் ஓடும். வரத்தை விடச் செலவு கூடும்போது கிண்ணம் மெல்ல மெல்ல வற்றி எஞ்சின் திக்கும், பிறகு நிற்கும். பத்து நிமிடம் பொறுத்து நீங்கள் திறப்பைத் திருப்பும்போது அது மீண்டும் நிரம்பிவிடுகிறது. ஆகவே தேடலைத் தாங்கியிலிருந்து தொடங்கி, பெற்றோல் வரும் வழியே முன்னோக்கி வர வேண்டும். காபரேற்றர் கடைசியாகத் தொட வேண்டிய பொருள்.

கார் அடுத்த தடவை வீதியில் நின்றவுடன், பொறுத்திராமல், தாங்கியின் மூடியைத் திறவுங்கள். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, அதன்பின் கார் உடனே ஓடினால் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது என்று பொருள். பெற்றோல் வெளியே போகப் போக அதன் இடத்துக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வராவிட்டால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. கொட்டிலில் நெடுங்காலம் நிற்கும் கார்களில் குளவி மண் வைத்து இந்த வழியை மூடிவிடுவதும் உண்டு. இது கம்பித் துண்டொன்றினால் தீரக்கூடிய வேலை.

மூடியைத் திறந்தும் பயனில்லையென்றால் பம்பைக் கவனியுங்கள். மைனரில் எஞ்சின் அறையின் பின்சுவரில் எஸ்.யூ. நிறுவனத்தின் மின்சார பம்ப் இருக்கும். திறப்பைத் திருப்பியதும் அது சில தடவை 'டிக் டிக்' என்று அடித்து, மிதவைக் கிண்ணம் நிரம்பியதும் ஓய வேண்டும். அடிக்கவே இல்லையென்றால் உள்ளேயுள்ள தொடுமுனைகள் கருகியிருக்கலாம், அல்லது பூமி வயர் (காரின் உடலோடு இணையும் வயர்) துருப்பிடித்திருக்கலாம். திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டும்போது வேலை செய்தால் தொடுமுனைகள்தான். ஓயாமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால், தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் எங்கோ காற்றை இழுக்கிறது, அல்லது தாங்கி காலி. மிக மெதுவாக, முக்கி முக்கி அடித்தால் வழியில் அடைப்பு உண்டு. இந்தச் சத்தத்தை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால், கார் நிற்கும் அந்த நேரத்தில் அதைக் கேட்பது மிக முக்கியம்; வீட்டு முற்றத்தில், குளிர்ந்த எஞ்சினில் கேட்டால் பம்ப் சுகமாகவே அடிக்கும்.

அடுத்தது அளவு. காபரேற்றருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டுத் திறப்பைத் திருப்புங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், அருகில் நெருப்போ புகைப்பவரோ இருக்கக் கூடாது. நல்ல பம்ப் ஒரு நிமிடத்தில் சுமார் அரை லீற்றர் தள்ளும். முதலில் நன்றாக வந்து போகப் போக நூலாக மெலிந்தால், பம்பின் உள்வாயிலிருந்து தாங்கிக் குழாயைக் கழற்றி, புதிய ரியூப் ஒன்றினால் சுத்தமான பெற்றோல் உள்ள பாத்திரத்தில் நேரடியாகத் தொடுத்துப் பாருங்கள். இப்போது குறையாமல் வந்தால் பம்ப் குற்றமற்றது, குற்றம் தாங்கியிலோ குழாயிலோ இருக்கிறது.

உங்கள் காரில் தாங்கிதான் குற்றவாளி என்று நான் நினைப்பதற்குக் காரணம், அது நின்ற காலமும் குடித்த எண்ணெயும். வெறுமையாக நிற்கும் தாங்கியின் உட்சுவர் துருப்பிடிக்கும். கார் ஓடிக் குலுங்கும்போது அந்தத் துருத்தூள் எழும்பி, பெற்றோல் உறிஞ்சும் குழாயின் வாயில் போய்ப் படியும். கார் நின்று இழுவை இல்லாமற்போனதும் கீழே விழுந்துவிடும். பொறுத்திருந்தால் ஓடுகிறது என்று நீங்கள் எழுதியதற்கு இதுவும் பொருந்துகிறது. காபரேற்றரைக் கழுவியதும் இரண்டொரு நாள் ஓடுவதும் இதனால்தான். நுண்ணிய தூள் அங்கே வந்து சேர இரண்டொரு நாளாகிறது.

தாங்கியின் கொள்ளளவு ஏறக்குறைய ஆறரைக் கலன், அதாவது 30 லீற்றருக்குச் சற்றுக் குறைவு. பற்றறியின் பூமி வயரைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான வெளியிடத்தில் பெற்றோலை வடித்தெடுங்கள். மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது நேர்முனையே பூமியோடு இணைக்கப்பட்டிருந்தது என்பதை மெக்கானிக்கிடம் நினைவூட்டுங்கள். வடித்ததைக் கண்ணாடிப் போத்தலில் ஓரிரவு தெளியவிட்டால் அடியில் துருவும் தண்ணீரும் எவ்வளவு என்று கண்ணாலேயே காணலாம். துரு இருந்தால் தாங்கியைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். வெற்றுத் தாங்கியில் ஓட்டை இருக்கிறதென்று யாரையும் நெருப்பு வைத்து ஒட்டுவேலை செய்ய விடாதீர்கள். பெற்றோல் இல்லாத தாங்கியில் நிற்கும் ஆவி, பெற்றோலை விடக் கொடியது. பம்பின் அடியிலுள்ள திருகு மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு வலைவடி இருக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

இனி மண்ணெண்ணெய்க் கதை. தொண்ணூறுகளில் வன்னிக்குப் பெற்றோல் வராதபோது, சிறு போத்தலில் சேமித்த கொஞ்சப் பெற்றோலில் எஞ்சினை இயக்கிச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பெற்றோலின் மெல்லிய பகுதிகள் 40 பாகை செல்சியசுக்கு அண்மையிலேயே கொதிக்கத் தொடங்கும். மண்ணெண்ணெய்க்கு 150 பாகையாவது வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது என்பதால்தான் அந்த ஏற்பாடு. நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் அப்படித்தான் ஏற்றி இறக்கினார்கள். அந்தக் கார்களை ஓட வைத்த கைகளை நான் மிகுந்த மதிப்போடு நினைக்கிறேன். ஆனால் அந்நாளில் செய்த மாற்றங்கள் இன்றும் உங்கள் காருக்குள் இருக்கக்கூடும். காபரேற்றரில் பெற்றோல் வெளிவரும் ஜெற் துளையைப் பெருப்பித்திருக்கலாம். அதன் உரிய அளவு 0.090 அங்குலம். எஞ்சினுக்குள் கலவை நெருக்கப்படும் அழுத்தத்தைக் குறைக்க, எஞ்சின் தலைக்கு அடியில் ஒரு கஸ்கற்றுக்கு (இடைத்தகடு) பதிலாக இரண்டு போட்டிருக்கலாம். தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளியிருந்தால், பெற்றோலில் கார் சூடேறும், இழுவை குறையும். பழைய குழாய்களில் படிந்த மண்ணெண்ணெய்ப் பிசின் பெற்றோலில் முழுதாகக் கரையாது. குழாயையே மாற்றுவது மலிவு. எஞ்சின் எண்ணெயை இதுவரை மாற்றாவிட்டால் இன்றே மாற்றுங்கள். எரியாத மண்ணெண்ணெய் எண்ணெயோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்திருக்கும்.

இவ்வளவும் முடிந்தபின் காபரேற்றரைச் சோதிக்க ஒரு வழி உண்டு. எஞ்சின் சூடாகி அமைதியாக ஓடும்போது, காபரேற்றரின் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் ஒரு கணம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. கூடியபடியே நின்றால் பெற்றோல் அதிகம். எஞ்சின் நின்றுவிடப் பார்த்தால் பெற்றோல் குறைவு.

கேள்வி: எனது பழைய நிசான் சன்னி வவுனியாவிலிருந்து வரும்போது ஒரு குறையும் காட்டுவதில்லை. முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சானும் வாங்கிக்கொண்டு வந்தால் ஸ்ராட் எடுக்க மறுக்கிறது. மத்தியானத்தில்தான் இப்படி. பெற்றோல் மணமும் அடிக்கிறது.
கிளிநொச்சி வாசகர்

பதில்: ஓடும்போது காற்றும் புதுப் பெற்றோலும் காபரேற்றரைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிட, எஞ்சினின் சூடு முழுவதும் மேலே ஏறிக் கிண்ணத்திலுள்ள பெற்றோலைக் கொதிக்க வைக்கிறது. அது வழிந்து எஞ்சினுக்குள் இறங்குவதால் கலவை அளவுக்கு மீறித் தடித்துவிடுகிறது. மணம் அடிப்பது அதனால்தான். அந்த நேரத்தில் சோக் இழுக்காதீர்கள், அக்சிலேற்றரைக் குத்திக் குத்தி மிதிக்காதீர்கள். ஒரே மிதியாக அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்ராட் அடியுங்கள். காற்று நிறைய உள்ளே போய்க் கலவை தெளிந்து எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

மணம் இல்லாமல் மறுத்தால் அது வேறு நோய். பம்பிலும் குழாயிலும் பெற்றோல் ஆவியாகி வழியை அடைத்திருக்கும். நனைத்த துணியைப் பம்பின்மேல் சில நிமிடம் போட்டால் போதும். நிலையான தீர்வுக்கு மூன்றைப் பாருங்கள். காபரேற்றருக்கு அடியில் சூட்டைத் தடுக்கும் தடித்த கட்டை இருக்க வேண்டும். பழைய வேலைகளில் அதை எறிந்துவிட்டு வெறும் கஸ்கற் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பெற்றோல் குழாய் எஞ்சினைத் தொட்டுக்கொண்டு போகக் கூடாது. பம்பிலிருந்து தாங்கிக்குத் திரும்பிப் போகும் சிறு குழாய் இருந்தால் அது அடைபடாமல் இருக்க வேண்டும். சூடான பெற்றோலும் ஆவியும் தாங்கிக்குத் திரும்புவது அதன் வழியாகத்தான்.

கேள்வி: 2022ஆம் ஆண்டு வரிசையில் நின்று எடுத்த பெற்றோல் பத்து லீற்றர் பிளாஸ்ரிக் கானில் இன்னும் இருக்கிறது. காருக்கு விடலாமா?
முல்லைத்தீவு வாசகர்

பதில்: விட வேண்டாம். எளிதில் பற்றும் மெல்லிய பகுதிகள் போய்விட்டன. மிஞ்சியிருப்பது ஜெற்றில் பிசினாகப் படியும். கிணற்றடியிலோ வளவிலோ ஊற்றவும் கூடாது, நிலத்தடி நீர் கெட்டுவிடும். கழிவெண்ணெய் சேர்க்கும் கராச் ஒன்றில் கேட்டுக் கொடுங்கள். வெளியே சில்லறையாக வாங்கும் பெற்றோலில் சந்தேகம் வந்தால், வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். நல்ல பெற்றோல் சற்று நேரத்தில் உலர்ந்து மறையும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை மிஞ்சும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தபின் கலப்படத்தின் இலாபம் குறைந்தது என்றாலும், தாள் சோதனையைக் கைவிட வேண்டியதில்லை.

கேள்வி: ஹயஸ் டீசல் வானில் பில்ரர் மாற்றியதிலிருந்து காலையில் நெடுநேரம் அடித்தால்தான் ஸ்ராட் வருகிறது. பகலில் குறையில்லை.
மல்லாவி வாசகர்

பதில்: இரவில் காற்று உள்ளே புகுந்து டீசல் தாங்கிக்கு இறங்கிவிடுகிறது. காலையில் ஸ்ராட் அடிக்குமுன் பில்ரர் தலையிலுள்ள கைப் பம்பை அழுத்துங்கள். அது இறுகும் வரை அழுத்தியபின் உடனே ஸ்ராட் வந்தால் காரணம் உறுதியாகிவிடும். பெரும்பாலும் புதிய பில்ரரின் றப்பர் வளையம் முறுகியிருக்கும், அல்லது பழைய வளையத்தின் மேலேயே புதியது போடப்பட்டிருக்கும். அது சரியென்றால், பில்ரருக்கும் இன்ஜெக்சன் பம்புக்கும் இடையில் ஒளி ஊடுருவும் ரியூப் துண்டொன்றைத் தற்காலிகமாகப் போட்டு, எஞ்சின் ஓடும்போது குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ரியூப்பைப் பில்ரருக்கு முன்னால் மாற்றிப் போடுங்கள். அங்கும் குமிழி வந்தால் காற்று தாங்கிப் பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே வராவிட்டால் பில்ரர்த் தலையில், கைப் பம்பின் டயபிறத்தில் (உள்ளேயுள்ள சவ்வு) தான் வெடிப்பு இருக்கும்.