படகு எஞ்சின் கேள்வி–பதில்: தண்ணீர் இழுக்கும் ஹோஸ்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சாமானைப் பற்றியவை. படகின் அடியிலிருந்து எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுத்து வரும் ரப்பர் ஹோஸ்தான் அது. மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

கேள்வி: எங்களுடையது படகுக்குள்ளேயே பொருத்திய டீசல் எஞ்சின். மெதுவாகப் போனால் சூடு சரியாக இருக்கிறது. வேகம் கூட்டினால் பத்து நிமிடத்தில் முள் ஏறிவிடுகிறது. இம்பெல்லர் (தண்ணீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரம்) புதிது, தெர்மோஸ்டாட் புதிது, வடிகட்டியிலும் குப்பை இல்லை. இனி எதை மாற்றுவது?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். படகைக் கட்டிப் போட்டு, கியர் போடாமல் எஞ்சினை ஓடவிடுங்கள். ஒருவர் மேலே நின்று வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டட்டும். நீங்கள் டார்ச்சோடு எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து, வடிகட்டிக்கும் தண்ணீர் பம்புக்கும் நடுவில் இருக்கும் ஹோஸை மட்டும் பாருங்கள். பெல்ட் ஓடும் பக்கம் கையும் வேண்டாம், தொங்குகிற சட்டையும் வேண்டாம்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், என் சொந்தப் படகிலேயே இந்தக் கூத்து நடந்ததுதான். அடுத்தவர் எஞ்சின் என்றால் நிதானமாக யோசிப்பேன். என்னுடையது என்றதும் கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றினேன். இம்பெல்லர் போட்டேன், எஞ்சின் சூட்டை வெளித்தண்ணீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், சூடு காட்டும் மீட்டரையே சந்தேகப்பட்டு வேறொன்றும் வாங்கினேன். மூன்று வார விடுமுறை இப்படிப் போனது. நான்காவது வாரம் நான் மேலே வேகக் கைப்பிடியைப் பிடித்திருக்க, கீழே டார்ச் பிடித்திருந்த என் மகள் கத்தினாள்: “அப்பா, இந்தக் குழாய் மூச்சு வாங்குது!”

போய்ப் பார்த்தால், வேகம் கூடக்கூட ஹோஸ் நடுவில் ஒடுங்கி, இரண்டு சுவரும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்கின்றன. வேகத்தைக் குறைத்தால் ஒன்றும் நடக்காதது போல மறுபடி உருண்டையாகிவிடுகிறது. நான் பார்த்த போதெல்லாம் எஞ்சின் நின்றிருந்தது, ஹோஸும் நல்ல பிள்ளையாக இருந்தது. அங்கே அந்த ஹோஸைப் போட்டதும் நானே. கம்பி இல்லாதது. ‘இப்போதைக்கு இருக்கட்டும்’ என்று போட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது.

பம்புக்குப் பிறகு வரும் ஹோஸில் தண்ணீர் தள்ளப்படுகிறது. அது கெட்டால் பீய்ச்சி அடித்துத் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். பம்புக்கு முன்னால் இருப்பதில் தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. அது வெடிக்காது, உள்வாங்கும். சுற்று கூடினால் உறிஞ்சலும் கூடும், பழசாகி இளகிய ரப்பர் அதைத் தாங்காது. அதனால்தான் மெதுவாகப் போகும்போது ஒரு தொல்லையும் தெரிவதில்லை.

டார்ச் அடித்தும் ஒடுக்கம் தெரியவில்லையா? சந்தேகத்தை அதோடு விட்டுவிடாதீர்கள். கம்பி வைத்த ஹோஸில் வெளிச்சுவர் கம்பீரமாக நிற்கும், உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் படலம் மட்டும் பிரிந்து நாக்கு மாதிரி தொங்கும். தண்ணீர் இழுக்கும்போது அந்த நாக்கு எழுந்து வழியை அடைக்கும். ஹோஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பார்த்தால்தான் அது கண்ணில் படும். கூடவே, படகின் அடியில் தண்ணீர் நுழையும் வாயையும் பாருங்கள். சிப்பி ஒட்டிப் பாதி அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

கேள்வி: நூல் பின்னல் தெரியும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸ் சுலபமாகக் கிடைக்கிறது. உள்ளே தண்ணீர் ஓடுவதும் தெரியும். அதைப் போடலாமா?

பதில்: கூடாது. சூட்டில் இளகும், காலப்போக்கில் விறைக்கும், வெளிச்சம் புகுவதால் உள்ளே பாசி பிடிக்கும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அதைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. கார் ஹீட்டர் ஹோஸும் வேண்டாம். அது தள்ளும் தண்ணீருக்காகச் செய்தது.

வாங்க வேண்டியது, படகுக்கென்றே செய்த, உள்ளே சுருள் கம்பி ஓடும் தடித்த ரப்பர் ஹோஸ். படகுப் புகைக்குழாய்க்கு எஸ்.ஏ.இ. ஜே2006 என்று ஒரு தர எண் உண்டு. அந்த எண் அச்சடித்த கம்பி ஹோஸைப் பலர் தண்ணீர் இழுக்கவும் போடுகிறார்கள், நானும் அதைத்தான் போடுகிறேன். கொஞ்சம் விறைப்பு, வளைக்கச் சண்டை போட வேண்டும், ஆனால் உழைக்கும்.

அளவு எடுக்கும்போது பழைய ஹோஸை நம்பாதீர்கள், அது விரிந்திருக்கும். ஹோஸ் ஏறும் மூக்கின் வெளி விட்டத்தை வெர்னியரால் அளந்து, அதற்குச் சமமான உள் விட்டம் கொண்ட ஹோஸை வாங்குங்கள். ஒரு வாசகர் 30 மி.மீ. மூக்கில் 32 மி.மீ. ஹோஸைப் போட்டுக் கிளிப்பால் நெருக்கியதாக எழுதியிருந்தார். அப்படி நெருக்கினால் ரப்பரில் ஓரிடத்தில் மடிப்பு விழும். அந்த மடிப்பு வழியாகக் காற்று போகும்.

கேள்வி: கிளிப் ஒன்று போதுமா, இரண்டா?

பதில்: மூக்கில் இடம் இருந்தால் இரண்டு. திருகுகள் எதிரெதிர்ப் பக்கம் இருக்கட்டும். மூக்கு குட்டையாக இருந்தால் நல்ல கிளிப் ஒன்றே போதும். இரண்டாவது பாதி ரப்பரிலும் பாதி அந்தரத்திலும் நின்றால் அது ஹோஸை வெட்டும்.

எண்ணிக்கையை விடக் கிளிப்பின் தரம் முக்கியம். ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருக்கும், பட்டைக்கு அது உண்மையாகவும் இருக்கும், திருகு மட்டும் மட்டமான இரும்பாக இருக்கும். கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். திருகு காந்தத்தில் பச்சக்கென்று ஒட்டினால் திரும்பக் கொடுத்துவிடுங்கள். பட்டை, திருகு இரண்டுமே 316 தர ஸ்டெயின்லெஸ் என்றால் வாங்கலாம். பட்டையில் ஓட்டை போட்ட மாதிரி வேண்டாம், அந்த ஓட்டைகளில் ரப்பர் பிதுங்கி அறுபடும். ஓட்டையில்லாமல் பள்ளம் மட்டும் அழுத்திய பட்டை நல்லது.

கேள்வி: படகைக் கரையேற்றாமல், தண்ணீரிலேயே ஹோஸை மாற்ற முடியுமா? எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: முடியும். பயம் இருப்பதும் நல்லதுதான், தைரியசாலிகள் மர ஆப்பு இல்லாமல் இறங்குவார்கள். நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே 1 அங்குல ஓட்டை திறந்து கிடந்தால் நிமிடத்துக்குச் சுமார் 50 லிட்டர் உள்ளே வரும், மணிக்கு மூன்று டன். எனவே முதல் வேலை, ஓட்டைக்குப் பொருந்தும் கூம்பு வடிவ மென்மர ஆப்பும் ஒரு சுத்தியலும் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது. பெட்டிக்குள் இருந்தால் இல்லாதது மாதிரிதான்.

அடுத்து, படகின் அடியில் இருக்கும் வால்வை மூடுங்கள். கைப்பிடி திரும்பியதாலேயே மூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வடிகட்டி நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், அதன் மூடியைத் திறந்து, தண்ணீரைக் கொஞ்சம் மொண்டு எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். மட்டம் ஏறினால் வால்வு கசிகிறது, மூடியை மாட்டிவிட்டுப் படகைக் கரையேற்ற ஏற்பாடு செய்யுங்கள். வடிகட்டி உயரத்தில் இருந்தால் இந்தச் சோதனை பலிக்காது. அப்போது ஹோஸின் மேல் முனையை மட்டும் கழற்றி நீர்மட்டத்துக்குக் கீழே தாழ்த்திப் பிடியுங்கள். ஹோஸில் இருந்தது கொட்டித் தீர்ந்த பிறகும் ஒழுகிக்கொண்டே இருந்தால் வால்வு மூடவில்லை. முனையைத் தூக்கினால் ஒழுக்கு நின்றுவிடும், பதறாமல் திரும்ப மாட்டிவிடலாம்.

வால்வின் நிறத்தையும் பாருங்கள். சில படகுகளில் வெண்கலத்துக்குப் பதில் சாதாரணப் பித்தளை போட்டிருப்பார்கள். உப்புத் தண்ணீரில் அதிலுள்ள துத்தநாகம் கரைந்து போய், சுரண்டிய இடம் இளஞ்சிவப்பாகத் தெரியும். அது பார்க்க உலோகம், உள்ளே சொத்தை. அதைத் தண்ணீரில் வைத்துத் தொடவே கூடாது.

வால்வு நன்றாக இருந்தாலும் ஒட்டிப்போன ஹோஸைப் பிடித்து ஆட்டி இழுக்காதீர்கள். உங்கள் பலமெல்லாம் படகின் அடித்தட்டில் போய் இறங்கும். கிளிப்பைக் கழற்றி, மூக்கின் மேல் இருக்கும் பகுதியைக் கத்தியால் நீளவாக்கில் கீறி, ஆரஞ்சுத் தோல் உரிப்பது போல விரித்து எடுங்கள். கத்தி கம்பியில் முட்டினால் கட்டிங் பிளேயரால் அதை வெட்டுங்கள். உலோகத்தில் கத்திக் கோடு விழக்கூடாது. பிளாஸ்டிக் வடிகட்டி மூக்கு என்றால் இன்னும் மெதுவாக.

புது ஹோஸின் முனையைச் சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி, மூக்கில் சோப்புத் தண்ணீர் தடவித் திருகியபடியே ஏற்றுங்கள். கிரீஸ், எண்ணெய் வேண்டாம், ரப்பர் கெடும். வெட்டிய முனையில் கம்பி வெளியே தெரிந்தால் அங்கே ரப்பர் பூச்சு கொடுத்து மூடுங்கள். துரு அங்கிருந்துதான் உள்ளே ஊர்ந்து போகும். நீளத்தில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். எஞ்சின் தன் ரப்பர் காலில் நின்று ஆடும், படகு ஆடாது, அந்த வித்தியாசத்தை ஹோஸ்தான் தாங்க வேண்டும். அதற்காகக் கூர்மையாக மடியவும் விடக்கூடாது.

வேலை நடக்கும் வரை ஸ்டார்ட் சாவியை மூடிய வால்வின் கைப்பிடியிலேயே மாட்டி வைப்பேன். வால்வைத் திறக்காமல் சாவி கைக்கு வராது. அந்தப் பழக்கம் வருவதற்கு முன்னால் நான் எரித்த இம்பெல்லர்கள் இரண்டு.

கேள்வி: புது ஹோஸ் போட்ட பிறகு எஞ்சின் தண்ணீர் பிடிக்க ரொம்ப நேரமாகிறது. எங்கும் ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

பதில்: கசிவு இருக்கிறது, உள்நோக்கி. உறிஞ்சும் பக்கத்தில் சின்ன இடைவெளி இருந்தால் தண்ணீர் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். எஞ்சின் ஓடும்போது வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தைப் பாருங்கள். குமிழி ஓடினால் வடிகட்டியிலோ அதற்கு முன்னாலோ காற்று புகுகிறது. பல முறை குற்றவாளி ஹோஸ் அல்ல, வடிகட்டி மூடியின் ரப்பர் வளையம். மூடியைத் திறந்து மூடும்போது ஒரு மணல் துகள் மாட்டினாலே போதும். குமிழியே இல்லை என்றால் வடிகட்டிக்கும் பம்புக்கும் நடுவில் தேடுங்கள். கிளிப்புகளையும் இன்னொரு தரம் முறுக்குங்கள், முதல் முறை சூடாகி ஆறிய பிறகு ரப்பர் கொஞ்சம் தளரும்.

ஒரு எச்சரிக்கை. எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் திரும்பத் திரும்பச் செல்ஃப் அடிக்க வேண்டி வந்தால் அடி வால்வை மூடிவிடுங்கள். எஞ்சினைக் குளிர்வித்த தண்ணீர் புகையோடு கலந்துதான் வெளியேறும்; ஓடாத எஞ்சினில் அதை வெளியே தள்ளப் புகை இல்லை. பம்பு அனுப்பும் தண்ணீர் சைலன்சரில் நிரம்பி, அங்கிருந்து சிலிண்டருக்குள் திரும்பிவிடும். எஞ்சின் பிடித்ததும் உடனே வால்வைத் திறந்து, பின்னால் தண்ணீர் கொட்டுகிறதா என்று பாருங்கள். அரை நிமிடத்தில் வராவிட்டால் நிறுத்துங்கள்.

கேள்வி: எங்கள் படகில் எஞ்சின் உள்ளே, புரொப்பெல்லரைச் சுழற்றும் டிரைவ் வெளியே. அதற்கும் இதே முறையா?

பதில்: உள்ளே இருக்கும் ஹோஸுக்கு இதேதான். ஆனால் பல மாதிரிகளில் தண்ணீர் டிரைவ் வழியாகவே ஏறி, படகின் பின்சுவரைத் தாண்டும் இடத்தில் ஒரு குட்டை ஹோஸில் வரும். அதை மாற்ற டிரைவைக் கழற்ற வேண்டும், படகு கரையில் இருக்க வேண்டும். டிரைவுக்கும் பின்சுவருக்கும் நடுவில் இருக்கும் மடிப்பு ரப்பர் உறையை (பெல்லோஸ்) மாற்றும்போது இதையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். இதற்காக மட்டும் இரண்டாம் முறை கழற்றுவது வீண் வேலை.

கேள்வி: எத்தனை வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்?

பதில்: பத்து வருடத்துக்கு மேல் நான் எதையும் விடுவதில்லை. அழுத்தினால் கல்லாக இருந்தாலோ சதையாக இருந்தாலோ, கிளிப் ஓரம் வீங்கியிருந்தாலோ, ரப்பரின் மேல் துருக்கறை தெரிந்தாலோ வயதைப் பார்க்காமல் எடுத்துவிடுவேன். புதிது போட்ட அன்றே வெள்ளைப் பெயின்ட் பேனாவால் அதன் மேல் மாதமும் வருடமும் எழுதிவிடுங்கள், எழுத்து மேலே பார்த்தபடி இருக்கட்டும். என் படகில் முதல் முறை எழுதியபோது அது அடிப்பக்கம் போய்விட்டது. இப்போது தேதி பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடியோடு படகின் அடிப்பள்ளமான பில்ஜுக்குள் இறங்குகிறேன்.