எண்பது ஏக்கர் எங்கே போனது?

அன்பின் எழுத்தாளருக்கு,

எங்கள் அம்மப்பா போடியார், அதாவது பெரிய வயற்காரர். மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் 80 ஏக்கர் வயல் இருந்ததாம். அம்மாவோடு சேர்த்து ஐந்து பெண்கள், எல்லாரும் 1970க்கு முன்பே கலியாணம் முடித்தவர்கள். நாங்கள் நாலு சகோதரிகள். இன்று என் பெயரில் 4 ஏக்கர்தான் இருக்கிறது. மிச்சத்தை 1972 காணிச் சட்டத்தில் அரசாங்கம் எடுத்துவிட்டது என்கிறார் மாமா. அந்த வயலின் வரலாற்றை எழுத ஆசை. எங்கே தொடங்கலாம்?

வாசகி, களுவாஞ்சிகுடி

அன்பின் தங்கச்சி,

மாமா சொன்னதை அப்படியே எழுதிவிடாதீர்கள். அந்தச் சட்டம் ஒருவருக்கு 25 ஏக்கர் நெற்காணி வரை விட்டுவைத்தது. 80ஐ ஐந்து பெண்களுக்குச் சீதனமாகப் பிரித்தால் தலைக்கு 16. அதை உங்கள் நாலு பேருக்கும் பிரித்தால் 4. கணக்கு சரியாக வருகிறதே! அரசாங்கம் கைவைக்காமலேயே இரண்டு தலைமுறையில் 80 ஏக்கர் 4 ஆகிவிடும்.

நம் பக்கத்தில் வீடும் வளவும் வயலும் பெண்பிள்ளைக்குத்தான். ஆகவே உறுதிகளை, அதாவது காணிப் பத்திரங்களை, அம்மம்மாவின் பெயரில் தேடிப்பாருங்கள். எங்கள் வீட்டு ரங்குப் பெட்டியில் ஓரம் கறையான் தின்ற உறுதி ஒன்று கிடந்தது. ‘போடியாரின் வயல்’ என்றே நான் கேட்டு வளர்ந்த காணி அது. பிரித்துப் பார்த்தால் மூன்று தலைமுறையாகப் பெண்களின் பெயர்கள்தான். போடியார் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். அன்றைக்கு அந்தத் தாளை மடித்து வைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், முல்லைக்காரர்: போடியாரின் வயலில் நின்று வேலையும் காவலும் பார்த்தவர். இவரை விட்டுவிட்டு எழுதினால் பாதிக் கதைதான். போடியார் வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் இருப்பார். வாவிக்கு அப்பால், மேற்கே, படுவான்கரையில் வாடி என்கிற வயல் குடிசையில் படுத்து யானைக்கும் பன்றிக்கும் காவல் இருந்தவர் முல்லைக்காரர். விதைநெல்லையும் சாப்பாட்டு நெல்லையும் போடியார் முன்கூட்டிக் கொடுப்பார். சூடடித்து முடிந்ததும் களவெட்டியிலேயே, அதாவது நெல்லடிக்கும் களத்திலேயே, அதைக் கழித்துக்கொள்வார். களவெட்டியில் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். குவித்த பொலியில் கடன் போக முல்லைக்காரரின் சாக்கில் எவ்வளவு விழுந்தது? இதை யாராவது எழுதத்தான் வேண்டும்.

1958இல் நெற்காணிச் சட்டம் வந்தபோது குத்தகைக்காரருக்கு நிலத்தில் ஓர் உரிமை கிடைத்தது. முல்லைக்காரர் குத்தகைக்காரரா கூலியாளா என்ற கேள்வியும் கூடவே வந்தது. உங்கள் வயலில் அந்த வருடங்களில் முல்லைக்காரர் மாறினாரா என்று கட்டாயம் விசாரியுங்கள். யுத்த காலத்தில் அக்கரைக்குப் போய் வயல் பார்க்க முடியாமல் இருந்த குடும்பங்கள் எத்தனையோ. அந்த வருடங்களில் வரம்பைக் காத்தது யார் என்பதும் இதில் சேரும்.

இப்போது தோணிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்துவிட்டார்கள். முல்லைக்காரரின் பேரப்பிள்ளைகள் அங்கேயே இருந்தால் போய் உட்கார்ந்து பேசுங்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். சட்டத்தில் பிழைவிட்டாலும் எந்த வரம்பு யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.