இடது பக்கம் ஓடும் டிரைவர் பந்து: கோல்ஃப் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டிரைவரில் (நீண்ட தூரம் அடிக்கும் கிளப், அதாவது கோல்ஃப் மட்டை) விழும் ஹூக்கை, அதாவது பந்து இடது பக்கம் கடுமையாக வளைவதைப் பற்றியவை. தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் பதில் வலது கை ஆட்டக்காரருக்கானது என்று கொள்ளுங்கள்.

டிரைவர் அடித்தால் பந்து இடது பக்கம் போகிறது. என்ன செய்வது?

கடிதமே இவ்வளவுதான். பந்து எந்தப் பக்கம் கிளம்பியது என்று எழுதவில்லையே! வலது பக்கம் கிளம்பி இடது பக்கம் திரும்பியதா, நேராகக் கிளம்பி வளைந்ததா, கிளம்பும்போதே இடது பக்கமாகப் போய் வளையாமல் விழுந்ததா? கடைசியாகச் சொன்னது ஹூக்கே இல்லை, 'புல்' (pull). அதற்கு வைத்தியம் வேறு. டிரைவரில் பந்து கிளம்பும் திசையில் ஐந்தில் நான்கு பங்கை ஃபேஸ் (கிளப்பில் பந்து படும் முகம்) தீர்மானிக்கிறது. வளைவைத் தீர்மானிப்பது ஸ்விங் பாதைக்கும் (கிளப்பை வீசும் திசை) ஃபேஸுக்கும் இடையே உள்ள கோணம். பாதையைக் காட்டிலும் ஃபேஸ் மூடியிருந்தால், அதாவது இடது பக்கம் திரும்பியிருந்தால், ஹூக். பத்துப் பந்து அடியுங்கள். ஒவ்வொன்றும் எங்கே கிளம்பியது, எங்கே விழுந்தது என்று எழுதி அனுப்புங்கள். அதற்குள் கிரிப்பையும் (கிளப்பைப் பிடிக்கும் விதம்) ஒருமுறை பாருங்கள்.

என் கிரிப் மிகவும் 'ஸ்ட்ராங்' என்கிறார் பயிற்சியாளர். நான் மென்மையாகத்தான் பிடிக்கிறேன்.

இறுக்கத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை. கைகள் கிளப்பின் மீது வலது பக்கமாக எவ்வளவு திரும்பி உட்கார்ந்திருக்கின்றன என்பதைத்தான் அவர் சொல்கிறார். பந்தின் முன் நின்று குனிந்து பாருங்கள். இடது கையில் இரண்டு, இரண்டரை விரல் முட்டி தெரிந்தால் போதும். நான்கும் தெரிந்தால் அடிக்கும் நேரத்தில் ஃபேஸ் தானாகவே மூடிக்கொள்ளும். வலது உள்ளங்கை கிளப்பின் அடியில் போய் வானத்தைப் பார்க்கிறதா என்றும் பாருங்கள். அது இலக்கைப் பார்க்க வேண்டும். அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் இளம் வயதில் பல ஆண்டுகள் ஹூக்கோடு போராடினார். பிறகு இடது கையைச் சற்று இடது பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். 1946 முதல் 1953 வரை அவர் வென்ற மேஜர் பட்டங்கள் (கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகள்) 9. உங்கள் கிரிப்பை ஒரேயடியாக மாற்ற வேண்டாம், அரை முட்டி அளவு போதும். முதல் இரண்டு வாரம் பந்து வலது பக்கம் ஓடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹூக் வரும் என்று தெரிந்து, ஃபேர்வேயின் (பந்து விழ வேண்டிய புல்வெளித் தடம்) வலது ஓரத்தைக் குறிவைத்து நிற்கிறேன். முதலில் பந்து நடுவில் விழுந்தது. இப்போது அப்படி நின்றும் இடது பக்க மரங்களுக்குள் போகிறது. இன்னும் வலது பக்கம் திரும்ப வேண்டுமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இதே கடிதத்தை இருபது வருடமாக வெவ்வேறு கையெழுத்தில் படித்துவருகிறேன். வலது பக்கம் திரும்பி நிற்பது ஹூக்குக்கு மருந்தல்ல, தீனி.

தோள்கள் வலது பக்கம் திரும்பினால் கிளப் உடலுக்குப் பின்னாலிருந்து வந்து வலது பக்கமாக வெளியே வீசும். ஆனால் இலக்கு எங்கே என்று கைகளுக்குத் தெரியும். கடைசி நொடியில் அவை ஃபேஸை இலக்கை நோக்கித் திருப்பும். பாதை 8 டிகிரி வலது பக்கம், ஃபேஸ் 2 டிகிரி வலது பக்கம் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 6 டிகிரி. பந்து லேசாக வலது பக்கம் கிளம்பி, பாதி தூரத்துக்கு மேல் இடது பக்கம் சரிந்து, தரையில் விழுந்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் திரும்புவீர்கள். பாதை 10 டிகிரி ஆகும். இதற்கு முடிவே கிடையாது.

நான் போகும் பயிற்சித் திடலில் ஒருவர் மழைக்காலம் முழுக்க இப்படித்தான் திரும்பிக்கொண்டே போனார். ஒருநாள் அவருடைய கால் விரல்களுக்கு முன்னால் ஒரு கிளப்பைக் கிடத்திவிட்டு, பின்னால் வந்து பார்க்கச் சொன்னேன். 10 டிகிரி திரும்பியிருந்தது. அதாவது 200 யார்டு தூரத்தில் 35 யார்டு வலது பக்கம். "நேராகத்தானே நின்றேன்!" என்று மூன்று முறை சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. தினமும் சாய்வாக நின்ற கண்ணுக்கு அதுதான் நேர்.

ஆகவே கண்ணை நம்பாதீர்கள், தரையில் கிடக்கும் கிளப்பை நம்புங்கள். பந்துக்கு அப்பால் இலக்கை நோக்கி ஒன்று, கால்களுக்கு முன்னால் அதற்கு இணையாக இன்னொன்று. கால் மட்டும் நேரானால் போதாது, தோளும் நேராக வேண்டும். ஒரு கிளப்பை மார்பின் குறுக்கே பிடித்துச் சரிபாருங்கள். பந்து இடது குதிகாலுக்கு நேரே இருக்கட்டும். வலது பக்கம் திரும்பி நிற்பவர்களுக்கு அது தெரியாமலே பின்னால் நகர்ந்திருக்கும். பிறகு டிரைவரின் உறையை எடுத்து, பந்துக்கு ஓர் அடி முன்னால், கிளப்பின் டோவுக்கு (கிளப் ஹெட்டின் வெளி முனை) இரண்டு விரல் வெளியே வையுங்கள். ஸ்விங் வலது பக்கமாக வெளியே போனால் உறை பறக்கும். உறையைத் தொடாமல், அரை வேகத்தில், தொடர்ந்து ஐந்து பந்து அடிக்கும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். முதல் நாள் அந்த ஐந்து வராது. மூன்றாம் நாள் வரும்.

நான் இடது கை ஆட்டக்காரன். எனக்கும் இதே திருத்தம்தானா?

ஆம். வலது, இடது என்று எழுதியதை எல்லாம் மாற்றிப் படியுங்கள்.

ஊட்டியில் ஆடும்போது பந்து அழகான டிராவாக (இடது பக்கம் லேசான வளைவு) விழுகிறது. சென்னையில் அதே அடி ஹூக்காகிறது. ஈரக்காற்றா காரணம்?

ஈரம் இல்லை, உயரம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. பந்தின் சுழற்சிக்குப் பிடி கிடைப்பதில்லை. தூரம் கூடும், வளைவு குறையும். ஆக ஊட்டி உங்கள் பிழையை மறைத்தது, சென்னை காட்டிவிட்டது. ஸ்விங்கைச் சமவெளியில் திருத்துங்கள்.

ஈரம் வேறு வகையில் கெடுக்கும். வியர்வையில் கிளப்பின் கைப்பிடி (அதையும் கிரிப் என்றுதான் சொல்வோம்) வழுக்கினால் கை இறுக்கும், மணிக்கட்டு புரளும். இளஞ்சூட்டு நீரில் சோப்பு போட்டு கிரிப்பைத் தேய்த்துக் கழுவுங்கள். கையுறையில் உள்ளங்கையின் அடிப்பகுதி ஓட்டையாகியிருந்தால், கிளப்பை விரல்களில் பிடிக்காமல் உள்ளங்கையில் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கிரிப், குறி, பந்தின் இடம் எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது. ஆனாலும் பத்தில் மூன்று ஹூக்காகின்றன.

நல்ல கடிதம், செய்து பார்த்தவர் எழுதியது. பந்து ஃபேஸில் எங்கே படுகிறது என்று பாருங்கள். சாக்பீஸை ஃபேஸில் தேய்த்துவிட்டு அடித்தால் பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். அந்த மூன்றும் டோ பக்கம் பட்டிருக்கும் என்பது என் ஊகம். டோவில் பட்டால் கிளப் ஹெட் ஒரு பக்கம் திருகும். பல்சக்கரம்போலப் பந்து எதிர்ப்பக்கம் சுழலும். அந்தச் சுழற்சி ஹூக்குக்கானது. பந்துக்கு அரை அங்குலம் நெருங்கி நின்று மறுபடி பாருங்கள். பலத்தையெல்லாம் கொட்டி அடிக்காதீர்கள். நிலை தடுமாறிக் குதிகாலில் சாய்ந்தால் அடி டோவுக்குத்தான் போகும்.

புது டிரைவர் வாங்கினால் சரியாகுமா? லாஃப்டை (ஃபேஸ் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) குறைத்தால்?

ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) உங்கள் வேகத்துக்கு மிக மென்மையாகவோ, கிரிப் மிக மெல்லியதாகவோ இருந்தால் கருவியும் ஹூக்குக்குத் துணைபோகும். அதை ஒரு ஃபிட்டிங்கில் (ஆளுக்கேற்பக் கிளப்பை அளவெடுத்துப் பொருத்துவது) கேளுங்கள். லாஃப்ட் குறைந்தால் பக்கவாட்டு வளைவு கூடுதலாகத் தெரியும். 9 டிகிரி மோகத்தை விடுங்கள். பணத்தை எடுப்பதற்கு முன் கிரிப்பைப் பாருங்கள்.

வயது 62. இடுப்பு முன்புபோலத் திரும்புவதில்லை. ஹூக் அதனால்தானா?

பெரும்பாலும் ஆம். இடுப்பு நின்றுவிட்டால் கைகள் முந்திக்கொண்டு ஃபேஸை மூடிவிடும். இடது பாதத்தை 30 டிகிரி அளவு வெளியே திருப்பி நில்லுங்கள். இடுப்புக்கு வழி கிடைக்கும். பின்ஸ்விங் சுருங்கினால் பரவாயில்லை, முடிவில் பெல்ட் பக்கிள் இலக்கைப் பார்க்க வேண்டும். வலி இருந்தால் முதலில் மருத்துவர்.

ஹூக்கான பந்து எல்லைக்கு வெளியே போயிருக்கலாம் என்று சந்தேகம். தேடிவிட்டு வந்து இரண்டாவது பந்து அடிக்கலாமா?

தேடப் போவதற்கு முன்பே பிராவிஷனல் பந்து (தற்காலிக மாற்றுப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லி அடித்துவிடுங்கள். சொல்லாமல் அடித்தால் அதுவே ஆட்டத்தில் உள்ள பந்தாகிவிடும், ஒரு ஸ்ட்ரோக் அபராதத்தோடு. தேட இப்போது 3 நிமிடம்தான். 5 நிமிடம் என்பது 2019-க்கு முந்தைய விதி.

பிராவிஷனலுக்கு முன்னால் செய்ய வேண்டியதை உங்கள் கடிதத்தில் காணவில்லை. பந்து இடது பக்கம் திரும்பிய நொடியிலேயே "ஃபோர்!" (முன்னால் இருப்பவர்களை எச்சரிக்கும் குரல்) என்று தொண்டை கிழியக் கத்துங்கள். நம் ஊரில் பந்து விழும் இடம் பார்க்க முன்னால் போய் நிற்கும் கேடிகள் (caddie, ஆட்டக்காரரின் உதவியாளர்கள்) தலைக்கவசம் இல்லாமல் மர நிழலில் நிற்கிறார்கள். வலது பக்கம் கிளம்பிய பந்தைப் பார்த்து, தம் பக்கம் வராது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.