கல்லுப் பாதைக்கு எந்த டயர்? எவ்வளவு காற்று?

வாசகர்களின் வண்டிக் கேள்விகளுக்குக் கிருஷ்ணகிரியில் டயர் கடையும் வீல் அலைன்மென்ட் பட்டறையும் நடத்துபவர் பதில் சொல்கிறார். இந்த இதழில் எஸ்.யு.வி. டயர்கள்.

கேள்வி: ஸ்கார்ப்பியோ வைத்திருக்கிறேன். 235/65 ஆர் 17 அளவு. நான்கு டயரும் தேய்ந்துவிட்டன. ஊருக்கு வெளியே மாந்தோப்பு இருக்கிறது. மாதம் இரண்டு மூன்று தடவை பெங்களூரு போவேன். "ஏ.டி. டயர் போடுங்கப்பா, எங்க வேணும்னாலும் போலாம்" என்கிறான் மகன். போடலாமா?
- மாந்தோப்பு விவசாயி, காவேரிப்பட்டினம்

பதில்: எங்க வேணும்னாலும் என்றால் எங்கே என்று தம்பியிடம் கேட்டுப் பாருங்கள் ஐயா. ஏ.டி. வேண்டும் என்று கடைக்கு வருகிறவர்களிடம் நான் டயரைக் காட்டுவதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்: போன மாதம் வண்டி எங்கெல்லாம் போனது? பாதிப் பேருக்கு அந்தப் பதிலிலேயே முடிவு வந்துவிடும்.

எஸ்.யு.வி.க்கு வருவது மூன்று ஜாதி. எச்.டி. (ஹைவே டெரெய்ன்) என்பது தார் ரோட்டுக்கு. எம்.டி. (மட் டெரெய்ன்) என்பது சேற்றுக்கும் பாறைக்கும். தினசரி ஓட்டத்துக்கு அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. நடுவில் இருப்பது ஏ.டி. (ஆல் டெரெய்ன்). அதில் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டை, பெரிது, இடைவெளி அகலம், டயரின் தோளிலும் பட்டன் ஓடும். மண்ணிலும் ஜல்லியிலும் பிடிப்பு நன்றாக இருக்கும். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலையும் உண்டு: எண்பதைத் தாண்டினால் உறுமும், எடை கூடுதல் என்பதால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும், மழையில் நனைந்த தார் ரோட்டில் பிரேக் போட்டால் நல்ல எச்.டி. டயரைவிடச் சற்றுத் தள்ளித்தான் பொதுவாக நிற்கும்.

இப்போது உங்கள் கணக்கு. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு போய் வந்தால் சுமார் 180 கிலோமீட்டர், முழுக்க நெடுஞ்சாலை. தோப்புப் பாதை எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை. காவேரிப்பட்டினம் சுற்றில் தார் ரோட்டை விட்டு இறங்கினால் ஒன்றிரண்டு கிலோமீட்டரில் பெரும்பாலான தோப்புகள் வந்துவிடும். மாங்காய் இறக்கும் சித்திரை, வைகாசியில் அந்தப் பாதை காய்ந்துதான் கிடக்கும். கோடை மழை ஒரு ராத்திரி அடித்தாலும் மறுநாள் மத்தியானத்துக்குள் டயர் புதையாமல் போகும் அளவுக்கு இறுகிவிடும். ஐப்பசிச் சேற்றிலோ உங்களுக்குத் தோப்பில் அவசர வேலை கிடையாது.

இன்னொன்று. உங்கள் வண்டியில் பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கிறது என்றால் ஏ.டி. போட்டதும் அது ஃபோர் வீல் டிரைவ் ஆகிவிடாது. களிமண் பட்டன் இடுக்கில் அப்பிக்கொண்டால் ஏ.டி.யும் வழவழ உருளைதான். என் பேச்சைக் கேட்பதானால் அதே அளவில் நல்ல எச்.டி. நான்கு போடுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஸ்டெப்னியையும் புதிதாக்கிவிடுங்கள். அது தொழிற்சாலையிலிருந்து வந்த நாளிலிருந்து வெளியே எட்டிப் பார்த்திருக்காது, ஆனால் வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

கேள்வி: கிரானைட் குவாரியில் சூப்பர்வைசர். பொலிரோ, 215/75 ஆர் 15. தினமும் குவாரிக்குள் போய் வர வேண்டும். ஒரு கடையில் 235/75 ஆர் 15 ஏ.டி. எடுத்து வைத்திருக்கிறார்கள், "தாராளமா உட்காரும், வண்டி கெத்தா இருக்கும்" என்கிறார்கள். வாங்கலாமா?
- பர்கூர் வாசகர்

பதில்: ஏ.டி. உங்களுக்குத் தேவை. சந்தேகமே இல்லை. பர்கூர்ப் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளை லிஃப்டில் ஏற்றினால் முதல் வேலை திருப்புளியை எடுத்து இடுக்குகளில் சிக்கிய சில்லுகளை நோண்டுவதுதான். ஆற்றுக் கூழாங்கல் மாதிரி இல்லை அது. புதிதாக உடைந்த கிரானைட்டின் ஓரம் கத்தி. எச்.டி. டயரின் மெல்லிய பட்டன்களைத் துண்டு துண்டாகப் பெயர்த்துவிடும். பல டயர்கள் பட்டன் தேய்வதற்கு முன்பே பக்கச்சுவர் கிழிந்து வந்து சேரும். கிழிசலைக் கட்டைவிரலால் விரித்துப் பார்ப்பேன். உள்ளே ரப்பர் மட்டும் தெரிந்தால் ஓட்டிக்கொண்டே கவனிக்கலாம். நூல் தெரிந்தால் அந்த டயரின் கதை முடிந்தது, பக்கச்சுவரில் பஞ்சர் ஒட்ட முடியாது. புடைப்பு தெரிந்தாலும் அதே தீர்ப்புதான். ஆகவே வாங்கும்போது பக்கச்சுவர் எத்தனை பிளை, அதாவது உள்ளே எத்தனை நூல் அடுக்கு, என்று கேளுங்கள். ஏ.டி. என்று எழுதியிருப்பதெல்லாம் பக்கச்சுவரும் கெட்டி என்று அர்த்தமில்லை. தார் ரோட்டுக்காகவே செய்து, பட்டனை மட்டும் முரட்டுத்தனமாக வெட்டிய ஏ.டி.களும் கடையில் இருக்கின்றன.

அளவு விஷயத்தில்தான் எனக்குச் சம்மதமில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 75 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம், அதாவது 161 மில்லிமீட்டர் சொச்சம். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் 15 அங்குல ரிம் 381 மில்லிமீட்டர். மொத்த உயரம் 703. அவர்கள் காட்டுகிற டயருக்கு இதே கணக்கில் 733 வருகிறது. நான்கு சதவீதத்துக்கும் மேல் உயரம். மூன்று சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது தொழிலில் பொதுவான வரம்பு. தாண்டினால் ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதைவிடக் குறைத்துக் காட்டும். முன்பு 83 காட்டிய வேகத்துக்கு இப்போது 80 காட்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் ஃபெண்டரில் உரசுகிறதா என்பது ஆளை ஏற்றி, பள்ளத்தில் இறக்கிப் பார்த்தால்தான் தெரியும். கடை வாசலில் வெறும் வண்டியை நிறுத்திவைத்துத் "தாராளமா உட்காரும்" என்று சொல்வது யாருக்கும் சுலபம். ஏற்றத்தில் இழுவையும் கொஞ்சம் செத்துப்போகும்.

215/75 ஆர் 15-லேயே ஏ.டி. கிடைக்கிறது, அதையே தேடுங்கள். அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் பார்க்க வேண்டும். அது சுமைக் குறியீடு: 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 104 என்றால் 900. பழைய டயரில் இருந்ததைவிடக் குறைந்ததை ஒருபோதும் எடுக்காதீர்கள். அடுத்து வரும் எழுத்து வேகத்துக்கு. கியூ 160, எஸ் 180, டி 190, எச் 210 கிலோமீட்டர். ஏ.டி.யில் பெரும்பாலும் எஸ் அல்லது டி இருக்கும், பொலிரோவுக்கு அது ஏராளம்.

கேள்வி: என் வண்டி மஹிந்திரா தார், ஃபோர் வீல் டிரைவ். எல்.டி. 245/75 ஆர் 16 ஏ.டி. டயர் போட்டிருக்கிறேன். டயர் மேல் அதிகபட்சம் 80 பி.எஸ்.ஐ. என்று அச்சடித்திருக்கிறது. பங்க்கில் பையன் 32 வைக்கிறான். டயர் விற்ற கடையில் 45 என்றார்கள். யார் சொல்வது சரி?
- ஓசூர் வாசகர்

பதில்: மூன்று பேரும் உங்கள் வண்டியைப் பார்க்கவில்லை தம்பி. 80 என்பது அந்த டயர் தன் முழுச் சுமையைத் தூக்கும்போது தேவைப்படும் காற்று. தார் வண்டியில் அதை அடித்தால் டயரின் நடுவில் ஒரு பட்டை மட்டும்தான் தரையைத் தொடும், வண்டி குதிக்கும், பிரேக் நீளும்.

ஆரம்பிக்க வேண்டிய இடம் டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். முன் சக்கரம், பின் சக்கரம், ஆள் குறைவு, முழு லோடு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். ஆனால் அது கம்பெனி போட்டுக் கொடுத்த டயருக்கான எண். நீங்கள் போட்டிருப்பது எல்.டி., அதாவது சரக்கு வண்டிக்கு ஏற்ற கட்டுமானம். அளவுக்கு முன்னால் எல்.டி. என்று இருப்பதும், சுமைக் குறியீடு ஒன்றுக்குப் பதில் 120/116 என்று ஜோடியாக இருப்பதும் அதற்கு அடையாளம். அதே சுமையைத் தூக்க எல்.டி.க்குச் சாதாரண டயரைவிடக் கூடுதல் காற்று வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதை டயர் கம்பெனியின் சுமை - காற்று அட்டவணை சொல்லும், கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். தார் மாதிரி லேசான வண்டிக்கு 45 பெரும்பாலும் அதிகம். ஸ்டிக்கர் எண்ணுக்குக் கீழே மட்டும் போகவே போகாதீர்கள்.

அட்டவணைப்படி வைத்த பிறகு சாக்பீஸ் சோதனை செய்து பாருங்கள். டயரின் குறுக்கே ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பட்டையாக ஒரு கோடு. சமமான ரோட்டில் நேராக நூறு மீட்டர் மாதிரி ஓட்டி இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் அழிந்து நடு வெள்ளையாக இருந்தால் குறைவு. ஒரே ஓரம் அழிந்திருந்தால் அது காற்றின் குற்றம் இல்லை, அலைன்மென்ட் பார்க்க வேண்டும். அட்டவணை சொல்லும் எண்ணுக்கு மேலே இரண்டு மூன்று கூட்டிச் சரிசெய்யத்தான் இந்தச் சோதனை. அதற்குக் கீழே இறக்க இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், எப்போது அளக்கிறீர்கள் என்பது. ஓசூரிலிருந்து தர்மபுரி வரை வெயிலில் விரட்டிவிட்டு அங்கே பங்க்கில் அளந்தால் நான்கைந்து பி.எஸ்.ஐ. ஏறித்தான் இருக்கும். "அதிகமா இருக்குண்ணா" என்று பையன் புஸ்ஸென்று இறக்கிவிடுவான். அடுத்த நாள் விடியற்காலை மார்கழிக் குளிரில் தளியில் வண்டியை எடுக்கும்போது அந்த டயர் பசியோடு நிற்கும். வெப்பம் ஐந்தாறு டிகிரி செல்சியஸ் இறங்கினால் காற்று சுமார் ஒரு பி.எஸ்.ஐ. இறங்கும். ஆகவே காலையில், வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது அளங்கள். சூடான டயரில் காற்றை இறக்காதீர்கள். பங்க் மீட்டரை நம்பாமல் கையில் சொந்தமாக ஒரு அளவி வைத்துக்கொள்ளுங்கள். அளந்து முடித்ததும் விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வையுங்கள். குமிழி வந்தால் வால்வுக்குள் இருக்கும் பின் கசிகிறது. பத்து நிமிட வேலை, மாற்றிவிடலாம். அசிங்கமாகத் தோன்றினால் சோப்புத் தண்ணீர்.

கேள்வி: பள்ளி வேலையாக அரூரிலிருந்து சித்தேரி மலைக்கு அடிக்கடி போகிறேன். மலை ஏறும்போது காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா? என்னுடையது ஏ.டி. டயர்.
- ஆசிரியை, அரூர்

பதில்: தார் போட்ட மலைப்பாதையில் வேண்டாம் டீச்சர். அந்த வீடியோக்காரர்கள் காட்டுவது மணலும் பாறையும். காற்றை இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படியும், மணலில் புதையாமல் மிதக்கும். அதற்கு 18 முதல் 20 வரை இறக்குவார்கள். முரட்டுக் கல் பாதை என்றால் வழக்கமான காற்றில் கால் பங்கு குறைத்தால் போதும். 15-க்குக் கீழே போனால் வளைவில் டியூப்லெஸ் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும் ஆபத்து இருக்கிறது. இப்படி இறக்கி ஓட்டுவதெல்லாம் மெதுவாகத்தான், திரும்பத் தார் ரோட்டில் ஏறுவதற்கு முன் கட்டாயம் காற்றுப் பிடித்தாக வேண்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் 12 வோல்ட் பம்பு இல்லாதவர் காற்றை இறக்கவே கூடாது என்பது என் கட்சி.

காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடாகும். அந்தச் சூட்டோடு தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே வளைவு எடுப்பது வேண்டாத விளையாட்டு. சித்தேரியில் இறங்கும்போது உங்களுக்கு உதவுவது சரியான காற்றும் இரண்டாவது கியரும்தான். அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கம் "ஆஃப் ரோடு" போகத் துடிக்கிறவர்களுக்கும் இந்தச் சாக்கில் சொல்லிவிடுகிறேன்: அங்கே பெரும் பகுதி காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம். டயர் தாங்கினாலும் வனத்துறை தாங்காது.

கேள்வி: நைட்ரஜன் பிடிப்பது அவசியமா?
- பாலக்கோடு வாசகர்

பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். காசு கேட்டால் அந்தக் காசில் டீ குடித்துவிட்டு, மாதம் இரண்டு முறை சாதாரணக் காற்றை ஒழுங்காகச் சரிபாருங்கள்.

கேள்வி: ஏ.டி. டயர் பாதி விலைக்குக் கிடைக்கிறது, "புது ஸ்டாக், சீல் பிரிக்காதது" என்கிறார்கள். எதைப் பார்த்து நம்புவது? இரண்டு மட்டும் வாங்கினால் போதுமா?
- ஊத்தங்கரை வாசகர்

பதில்: சீலைப் பார்க்காதீர்கள், பக்கச்சுவரைப் பாருங்கள். டி.ஓ.டி. என்று ஆரம்பிக்கும் வரியின் கடைசியில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019-ஆம் வருஷம் 32-ஆவது வாரத்தில் செய்தது. இரு பக்கமும் பாருங்கள், பல டயர்களில் முழு எண் ஒரு பக்கம்தான் இருக்கும். மாட்டும்போது அது உள்பக்கமாகப் போய்விட்டால் பிறகு குனிந்து தேட வேண்டியதுதான். ஒரு வருஷத்துக்கு உட்பட்டது என்றால் தயங்காமல் வாங்குவேன். அதற்கு மேல் என்றால் விலை பேசுவேன். நாலைந்து வருஷமாகக் குடோனில் கிடந்த டயருக்குப் பாதி விலையும் அதிகம்தான், ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

இரண்டு மட்டும் என்பது வண்டியைப் பொறுத்தது. ஃபோர் வீல் டிரைவ் என்றால் நான்கும் ஒரே ரகம், ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். உயரம் மாறினால் முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடி வாங்கும், அந்தச் செலவுக்கு முன்னால் இரண்டு டயர் விலை ஒன்றுமே இல்லை. டூ வீல் டிரைவில் இரண்டு மாற்றலாம், ஆனால் ஒரு அச்சில் ஏ.டி., இன்னொன்றில் எச்.டி. என்று கலக்காதீர்கள். புதிய ஜோடி பின்னால் போக வேண்டும், வண்டி முன் சக்கரம் இழுக்கிறதானாலும் சரி. மழையில் பின்பக்கம் வழுக்கினால் பிடித்து நிறுத்துவது கஷ்டம். மீதி இரண்டு பழைய டயரில் பட்டன் இடுக்கில் இருக்கும் சின்ன மேட்டைத் தடவிப் பாருங்கள். அந்த மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அதோடு சமமாகிவிட்டதென்றால் அந்த இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியதுதான்.