பாடம் நடத்தத் தெரிந்த ஆசிரியருக்கு எதற்கு ஒரு கோச்?

அனுபவமுள்ள ஒருவர் ஆசிரியரின் வகுப்பிலேயே உட்கார்ந்து கவனிப்பார். அப்புறம் இருவரும் பேசி, ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள். கற்பித்தல் கோச்சிங் என்பது அவ்வளவுதான்.

தேவை ஏன்? நம் பழக்கம் நம் கண்ணுக்குத் தெரியாது. கேள்வி கேட்டதும் ஆசிரியர்கள் சுமார் ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். 3 விநாடி பொறுத்தபோது பிள்ளைகள் நீளமாகப் பதில் சொன்னார்கள். பாடம் நடத்திக்கொண்டே அதை யார் எண்ணுவது? கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்கும் கோச்தான்.

ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பாலையில் வெல்லப் பாகு பதம் பழகுவதைப் பாருங்கள். கொப்பரை ஓரம் நிற்கும் பெரியவர், "கொஞ்சம் பொறு கண்ணு... ம், இப்ப எறக்கு" என்பார். ஈரோட்டில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் டீயும் வடையும் சாப்பிட்டுத் திரும்பினால் அந்தப் பதம் கைக்கு வராது.

ஆனால் குறை தெரிந்தால் ஸ்டாஃப் ரூமில் பேச்சாகிவிடும் என்று பயப்படும் பள்ளியில் இது எடுபடாது. தலைமையாசிரியரே முதலில் தன் வகுப்பைத் திறந்துவிட வேண்டும்.

பலர் இதை இன்ஸ்பெக்‌ஷன் என்று நினைக்கிறார்கள். கோச் மதிப்பெண் போட வருபவர் அல்ல, அவர் எழுதும் குறிப்பு அந்த ஆசிரியருக்கு மட்டும்தான்.