மிக்ஸ்டு மீடியா கலைஞராக அமெரிக்காவில் வாழ முடியுமா? கிருஷ்ணகிரித் தந்தை ஒருவரின் கேள்விக்கு என் பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். மகள் கிருஷ்ணகிரியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். துணி, காகிதம், நூல், மண் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டிப் படம் செய்கிறாள். நுண்கலை படித்து, அமெரிக்கா போய், இப்படிப் பல பொருள்களைக் கலந்து படைக்கும் மிக்ஸ்டு மீடியா கலைஞராக வாழப்போகிறேன் என்கிறாள். இதில் சோறு கிடைக்குமா என்று அப்பா கேட்கிறார்.

கிடைக்கும் ஐயா. ஆனால் சோறு போடுவது பெரும்பாலும் படம் அல்ல, பாடம்.

நான் காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்துக்காரி. சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு, அமெரிக்காவில் எம்.எஃப்.ஏ. என்னும் நுண்கலை முதுகலைப் பட்டம் முடித்து, அங்கேயே ஒரு கல்லூரியில் கற்பிக்கிறேன். படைப்புகளை விற்ற பணத்திலேயே வாடகை முழுவதையும் கட்டிய ஆண்டு எனக்கு இதுவரை வாய்க்கவில்லை. சம்பளம் வகுப்பறையிலிருந்துதான் வருகிறது. டிராயிங் டீச்சர் வேலைக்கா இவ்வளவு தூரம் போனாய் என்று என் அத்தை இன்றும் கேட்பார். ஆமாம், அதற்குத்தான்.

கற்பிப்பதை, தோற்ற கலைஞன் ஒதுங்கும் திண்ணையாக நம் ஊரில் பார்க்கிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. அச்சுக்கலைஞர் கிருஷ்ண ரெட்டியைப் பாருங்கள். நம் மாவட்டத்தை ஒட்டிய சித்தூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் 1925இல் பிறந்தவர். சாந்திநிகேதனில் படித்து, சென்னைக் கலாக்ஷேத்ராவில் கற்பித்து, லண்டன் போய், பாரிஸில் ஹேய்ட்டரின் அட்லியர் 17 அச்சுக்கூடத்தில் பல ஆண்டுகள் உழைத்து, பிறகு நியூயார்க்கில் குடியேறிப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது ஒரு செய்முறைக்காக. மைகளில் ஆளி விதை எண்ணெயைக் கூட்டியும் குறைத்தும் கலந்தால், இளகிய மையும் கெட்டி மையும் ஒன்றோடொன்று கலக்காமல் விலகி நிற்கும். அச்சிடும் உலோகத் தகட்டை வெவ்வேறு ஆழத்தில் செதுக்கி, மிருதுவான உருளையையும் கடினமான உருளையையும் மாற்றி மாற்றி ஓட்டினால் ஒரே தகட்டில், ஒரே அச்சில் பல வண்ணங்கள் விழும். அந்த அச்சுக்கூடத்தில் அந்த முறையை வளர்த்தெடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். பொருளின் குணத்தை அப்படி அறிந்தவரிடம் கற்கத்தான் மாணவர்கள் வருவார்கள்.

உங்கள் மகளின் முதலீடும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். 1912இல் பிக்காசோ, பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணியை ஓவியத்தில் ஒட்டியதிலிருந்து இந்தக் கலையின் கதையைப் பாடநூல்கள் தொடங்கும். (பலகை மேல் துணி ஒட்டி, சுண்ணத்தைப் பசையோடு குழைத்து மேடு கட்டி, கண்ணாடிக் கல்லும் தங்க ரேக்கும் பதித்த தஞ்சாவூர் ஓவியர்களை அந்த அத்தியாயத்தில் தேடாதீர்கள்.) ஆனால் வகுப்பில் மாணவர் கேட்பது வரலாறு அல்ல. ஒட்டியது ஏன் உப்புகிறது, செய்தித்தாள் ஏன் மஞ்சளாகிறது என்றுதான் கேட்பார்கள். மரக்கூழில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் வெளிச்சம் பட்டதும் நிறம் மாறும், காகிதமும் நாளடைவில் நொறுங்கும் என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் சித்தப்பா கிருஷ்ணகிரியில் சினிமா போஸ்டர் ஒட்டியவர். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பார். மாவுப் பசையைத் தண்ணீரில் நனைத்தால் கழன்று வரும் என்பதைச் சிறுமியாக அவரோடு சுவர் சுவராகப் பார்த்திருக்கிறேன். பழைய காகிதங்களைச் செப்பனிடும் வல்லுநர்கள் கோதுமை மாவுச்சத்துப் பசையை இன்றும் பயன்படுத்துவதற்கு முக்கியக் காரணம் அதுவே. ஃபெவிகால் வகைப் பசை காய்ந்துவிட்டால் அவ்வளவு எளிதில் விடாது. வேலைக்கான நேர்காணலில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னபோது நான் எடுத்தது பசை பற்றிய வகுப்பு. அந்த வேலை கிடைத்தது.

இன்னொரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். அங்கே போனதும் உங்கள் மகளிடம் இந்தியாவைக் கேட்பார்கள். மஞ்சள், குங்குமம், பாட்டியின் புடவைத் துண்டு. ஓவியக் காலரிக்காரர் ஒருவர் என்னிடம் நேரடியாகவே கேட்டார். ஒருமுறை கொடுத்தால் ஆயுளுக்கும் அதையேதான் கொடுக்க வேண்டியிருக்கும். நான் பட்டுக்கூடுகளை வைத்து வேலை செய்கிறேன். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு மூட்டை கொண்டுபோன குடும்பம் எங்களுடையது. பூச்சி துளைத்து வெளியேறிய கூட்டில் இழை அறுந்துவிடும், நீளமான ஒரே இழையாக இழுக்க வராது, விலையும் போகாது. அந்த ஓட்டைக் கூடுகள்தான் எனக்கு வேண்டும். அவற்றை அமெரிக்காவிலேயே ஒரு கைவினைக் கடையில் வாங்குகிறேன் என்பது தனி வேடிக்கை. ஊர்ச் செம்மண்ணைக் கொண்டுபோகலாம் என்று மகள் கனவு கண்டால் தடுத்துவிடுங்கள். அமெரிக்க வேளாண் துறையின் அனுமதி இல்லாமல் வெளிநாட்டு மண் உள்ளே போகாது.

இனி காகித விஷயங்கள். கல்லூரியில் கற்பிக்க அங்கே எம்.எஃப்.ஏ. போதும், ஓவியத்துறையில் அதையே இறுதிப் பட்டமாகக் கொள்கிறார்கள், முனைவர் பட்டம் கேட்பது அரிது. படிப்புக்குப் பின் மாணவர் விசாவில் ஓராண்டு வேலை செய்யலாம். கணினி, பொறியியல் மாணவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் இரண்டாண்டு நுண்கலைக்கு இல்லை. பிறகு எச்1பி என்னும் வேலை விசா. பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது, அதனால் விசாவுக்கான குலுக்கலும் இல்லை. ஆனால் அந்த விசாவை எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் முழுநேர வேலைக்குத்தான். பாடத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பகுதிநேர ஆசிரியருக்காக எந்தக் கல்லூரியும் எளிதில் முன்வராது. விசா கிடைத்த பிறகும், அதை எடுத்துக் கொடுத்த இடத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம்; வார இறுதியில் வேறு எங்கோ பட்டறை நடத்திப் பணம் வாங்கினால் சிக்கல். கலைஞர்களுக்கான ஓ1 விசாவுக்குக் கண்காட்சிகள், பத்திரிகை விமர்சனங்கள், துறையினரின் கடிதங்கள் என்று சான்றுகளை அடுக்க வேண்டும். எனவே கிருஷ்ணகிரியில் நடக்கும் சின்னக் கண்காட்சியின் அழைப்பிதழைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால், போகும்போது வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடன் வாங்கி எம்.எஃப்.ஏ. படிப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, உதவி ஆசிரியர் வேலையும் தரும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்று அமையும்வரை காத்திருக்கலாம்.

காத்திருக்கும் காலத்துக்கு நம் பக்கத்திலேயே பள்ளிக்கூடங்கள் உண்டு. பர்கூர் அருகே மல்லப்பாடியில் வெண்ணிறப் பாறை ஓவியம் இருக்கிறது. பாறையில் ஒரு நிறமி எப்படித் தாங்கி நிற்கிறது என்று போய்ப் பார்க்கட்டும். அரூர் பக்கம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் செய்யும் தையல் வேலையை உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும். அவர்களும் தலைமுறைகளுக்கு முன் வடக்கிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள்தான்.

அதற்கு முன், இந்தக் கோடை விடுமுறையில் தெருப் பிள்ளைகள் பத்துப் பேரைத் திண்ணையில் உட்காரவைத்து ஒரு மாதம் படம் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டாம் வாரமே சலித்துப்போனால், அவளுக்கு வடிவமைப்புப் படிப்பு பொருத்தமாக இருக்கலாம். அதில் கற்பிக்காமலும் சம்பாதிக்கலாம். சலிக்காவிட்டால் கவின்கலைக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் வாங்குங்கள்.